மிச்சத்தை எண்ணிச் செலவைக் காண்பது

வாசகர் கேள்வி – பதில்: வேதியியல்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. கும்பகோணத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் மாணவர்கள் கேட்டிருப்பதையே மன்னார்குடியிலிருந்து ஒரு விவசாயி வேறு வழியாகக் கேட்டிருக்கிறார் என்பதைக் கண்டபோது, மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அளந்து கொடுத்த வினைப்பொருளில் மிஞ்சியதை அளந்து, செலவானதைக் காணும் பேக் டைட்ரேஷன் எனப்படும் மீள் தரம் பார்த்தலுக்கே இந்தப் பக்கங்களைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி: ஐயா, நேரடியாகத் தரம் பார்க்கும் கணக்குகள் எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. பேக் டைட்ரேஷன் கணக்கு வந்தால் மட்டும் எதிலிருந்து எதைக் கழிப்பது, எங்கே பத்தால் பெருக்குவது, எங்கே இரண்டால் வகுப்பது என்று தடுமாறிவிடுகிறேன். "மொத்தத்திலிருந்து மிச்சத்தைக் கழி" என்று எங்கள் பேராசிரியை சொல்வது மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் பத்துக் கணக்குப் போட்டால் மூன்றுதான் சரியாக வருகிறது. இதற்குத் தனிச் சூத்திரம் ஏதேனும் உண்டா?
– இளநிலை வேதியியல் முதலாண்டு மாணவி, கும்பகோணம்

பதில்: தனிச் சூத்திரம் கிடையாது. இருந்திருந்தாலும் உங்களுக்குத் தந்திருக்க மாட்டேன். ஏனென்றால், உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணமே சூத்திரத்தைத் தேடுவதுதான். பள்ளியில் பழகிய "வி1 என்1 = வி2 என்2" (வி என்பது கன அளவு, என் என்பது செறிவு) என்னும் சமன்பாடு இரண்டு கரைசல்கள் ஒன்றையொன்று முழுமையாகத் தீர்த்துக்கொள்ளும் இடத்துக்கு மட்டுமே உரியது. மீள் தரம் பார்த்தலில் அப்படி ஓர் இடம் கடைசியில் ஒருமுறைதான் வருகிறது. அதற்கு முன் நடந்தவை எல்லாம் வரவு செலவுக் கணக்கு.

திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களை வாசலில் யாரும் எண்ணவில்லை. சமையல்கட்டுக்கு ஐந்நூறு வாழையிலை போயிருக்கிறது; இரவு பார்த்தால் 216 இலை மிச்சம் கிடக்கிறது. செலவானது 284 இலை. வந்த ஒவ்வொருவரும் காலையில் டிபனுக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று என இரண்டு முறை இலையில் உட்கார்ந்திருந்தால், வந்தவர்கள் 142 பேர். ஆளை எண்ணாமலேயே ஆள் கணக்கு வந்துவிட்டது. இதில் இலையை இலையிலிருந்துதான் கழித்தோம், ஆளிலிருந்து கழிக்கவில்லை; இரண்டால் வகுத்தது கழித்து முடித்த பிறகுதான், முன்பு அல்ல. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் கணக்கைப் பாருங்கள்.

கோடியக்கரைக் கடலோரத்தில் பொறுக்கிய கிளிஞ்சலைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, அதில் 1.50 கிராம் எடுக்கிறோம். அதன் மீது 1.00 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50.0 மி.லி. ஊற்றுகிறோம். நுரை அடங்கியபின் கொதிக்கவைத்து, ஆறவைத்து, 250 மி.லி. அளவுக் குடுவைக்கு மாற்றி, குறிவரை தண்ணீர் சேர்த்துக் குலுக்குகிறோம். அதிலிருந்து பிப்பெட் என்னும் துல்லிய உறிஞ்சு குழாயால் 25.0 மி.லி. எடுத்து, கூம்புக் குடுவையில் விட்டுத் தரம் பார்த்தால், 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 21.6 மி.லி. செலவாகிறது. கிளிஞ்சலில் கால்சியம் கார்பனேட்டு எத்தனை விழுக்காடு?

இத்தகைய கணக்கைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கணக்கை எழுதியவர் சோதனை நடந்த வரிசையில் எழுதியிருக்கிறார். நாமோ நடந்ததைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் என்பதால், எதிர்த்திசையில் போக வேண்டும். சோதனையில் நாம் உண்மையில் கண்டறிந்தது பியூரெட்டில், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயில், இறங்கிய அளவு ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் நாமே அளந்து போட்டவை. மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல். மோலாரையும் மி.லி.யையும் பெருக்கினால் மில்லிமோல் கிடைக்கும் என்பதால், புள்ளிக்குப் பின் பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருக்காமல் மில்லிமோலிலேயே எழுதிப் போவது நல்லது.

பியூரெட்டிலிருந்து இறங்கிய காரம்: 0.100 × 21.6 = 2.16 மில்லிமோல். அமிலமும் இந்தக் காரமும் ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரிவதால், கூம்புக் குடுவையில் இருந்த அமிலமும் 2.16 மில்லிமோல். இது கூம்புக் குடுவையில் இருந்த அமிலம் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம்; பெரிய அளவுக் குடுவையில் இருந்தது இதைப் போல் பத்து மடங்கு, அதாவது 21.6 மில்லிமோல். ஒரு சொம்புப் பானகத்தில் தண்ணீர் எவ்வளவு விட்டாலும் உள்ளே இருக்கும் வெல்லம் மாறுவதில்லை. அதைப் பத்து டம்ளரில் சமமாக ஊற்றினால் ஒரு டம்ளரில் பத்தில் ஒரு பங்கு வெல்லம் இருக்கும். 250 மி.லி.க்குத் தண்ணீர் சேர்த்ததும், அதில் 25 மி.லி. எடுத்ததும் அவ்வளவுதான்.

முதலில் ஊற்றிய அமிலம்: 1.00 × 50.0 = 50.0 மில்லிமோல். மிச்சம் 21.6. கிளிஞ்சல் தின்றது 28.4 மில்லிமோல் அமிலம். ஒரு மோல் கால்சியம் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும் என்பதால், கார்பனேட்டு 14.2 மில்லிமோல், மோலார் நிறை (ஒரு மோலின் எடை) 100 கிராம் என்று கொண்டால் 1420 மில்லிகிராம், அதாவது 1.42 கிராம். 1.50 கிராமில் 1.42 கிராம் என்பது 94.7 விழுக்காடு. கல்யாண வீட்டு இலைக் கணக்கின் எண்களே இங்கும் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்; வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன்.

உங்கள் பத்துக் கணக்கில் ஏழு தவறியதற்கு இரண்டு மூன்று காரணங்களுக்கு மேல் இருக்காது என்பது என் அனுபவம். பத்தால் பெருக்க மறந்து 50.0 − 2.16 என்று கழித்தால் 47.84 வரும், அதில் பாதி 23.92 மில்லிமோல், எடையில் 2.39 கிராம். எடுத்த கிளிஞ்சலே 1.50 கிராம்தான் எனும்போது அதற்குள் 2.39 கிராம் கார்பனேட்டு எப்படி இருக்கும்? இரண்டால் வகுக்க மறந்தால் 2.84 கிராம். வகுப்பதைக் கழிப்பதற்கு முன்பே மிச்சத்துக்குச் செய்துவிட்டால் 50.0 − 10.8 = 39.2 என்று போய், 3.92 கிராம் என்று முடியும். மூன்றுமே நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடுவதால், விடையை எடுத்த எடையோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தாலே தவறு அகப்பட்டிருக்கும். எல்லாக் கணக்கும் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடாது என்பதும் உண்மை. ஆகவே, ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எந்தப் பாத்திரத்தில் உள்ள எந்தப் பொருள் என்று எழுதும் பழக்கம் வேண்டும். "2.16 மில்லிமோல் அமிலம், கூம்புக் குடுவையில்" என்று எழுதியவர், அதை "50.0 மில்லிமோல் அமிலம், முதல் முகவையில்" என்பதிலிருந்து கழிக்கக் கை வைக்கமாட்டார். ஒரே பாத்திரத்துக்கு உரிய, ஒரே பொருளின் மோல்களை மட்டுமே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம்.

கேள்வி: எங்கள் வகுப்புத் தேர்வில் ஒரு கிளிஞ்சல் கணக்கு வந்தது. என் நண்பன் மோல் எதுவும் கணக்கிடாமல், 50-இலிருந்து 21.6-ஐக் கழித்து 28.4 மி.லி. அமிலம் செலவானது என்று எழுதினான். விடை சரியாக வந்து முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டான். நான் ஒரு பக்கம் எழுதி அதே விடையைக் கண்டேன். அவன் வழி சரியா, தவறா?
– பிளஸ் டூ மாணவர், மயிலாடுதுறை

பதில்: மேலே நான் எடுத்துக்கொண்ட கணக்கின் எண்கள் உங்கள் கடிதத்திலிருந்து வந்தவைதான். உங்கள் நண்பரின் வழி தவறு. விடை சரியாக அமைந்தது கணக்கை அமைத்தவர் தந்த எண்களின் தற்செயல்.

கூம்புக் குடுவையின் அளவைப் பத்தால் பெருக்க வேண்டியிருந்தது. காரத்தின் செறிவோ அமிலத்தின் செறிவில் பத்தில் ஒரு பங்கு. பத்தால் பெருக்குவதும் பத்தால் வகுப்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால், பியூரெட்டில் இறங்கிய 21.6 மி.லி.யும் மிஞ்சிய அமிலம் 21.6 மி.லி. என்பதும் ஒரே எண்ணாகிவிட்டன. அதே கிளிஞ்சலை, 0.100-க்குப் பதில் 0.120 மோலார் காரத்தால் தரம் பார்த்திருந்தால் பியூரெட்டில் 18.0 மி.லி.தான் இறங்கியிருக்கும். உங்கள் நண்பர் 50-இலிருந்து 18-ஐக் கழித்து 32 என்று எழுதியிருப்பார், கார்பனேட்டு 1.60 கிராம் என்று வந்திருக்கும். காரத்தை மாற்றியதால் கிளிஞ்சலின் எடை கூடிவிடுமா?

நெல் அளக்கும் வீட்டில் இது எளிதாகப் புரியும். பெரிய மரக்காலால் ஐம்பது அளந்து கொடுத்துவிட்டு, சின்ன மரக்காலால் பதினெட்டு அளந்து திரும்ப வாங்கிக்கொண்டு, முப்பத்திரண்டு மரக்கால் செலவு என்று எழுதினால் களத்துமேட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள்? இரண்டையும் படியாக மாற்றியபின் கழிப்பதே முறை. கரைசலின் செறிவு என்பது மரக்காலின் அளவு. மோல் என்பது உள்ளே இருக்கும் நெல். இத்தகைய கணக்கைத் தேர்வுக்கு அமைக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காரத்தின் செறிவை 0.100 என்று வைக்காமல் 0.0960 என்றோ 0.112 என்றோ வையுங்கள். குறுக்கு வழி தானே வெளிப்பட்டுவிடும். நீங்கள் எழுதிய ஒரு பக்கம் வீணில்லை, தம்பி. ஆனால் மில்லிமோலில் எழுதியிருந்தால் ஐந்து வரியில் முடிந்திருக்கும்.

கேள்வி: நேராகவே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகவிட்டுத் தரம் பார்த்துவிடாமல் இவ்வளவு சுற்றுவது ஏன்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கரையாத திண்மம் மெதுவாகத்தான் வினைபுரியும், நிறம் மாறிவிட்டது என்று நீங்கள் பியூரெட்டை நிறுத்திய பின்னும் அடியில் கிடக்கும் பொடி கரைந்துகொண்டே இருக்கும், நிறமும் திரும்பிக்கொண்டே இருக்கும். அமோனியா போன்றவை ஆவியாகி ஓடிவிடும். சில வினைகளுக்கு, முடிவை நிறமாற்றத்தால் காட்டும் பொருத்தமான நிறங்காட்டியே அமைவதில்லை. இந்த மூன்று இடத்திலும் வினைப்பொருளைத் தாராளமாகக் கொடுத்து, வினை முடியும்வரை காத்திருந்து, மிச்சத்தை அளப்பதே வழி.

ஆனால் தாராளம் என்றால் அளவின்றி என்று பொருளல்ல. 50 மில்லிமோல் கொடுத்ததில் 48 மிஞ்சினால், இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டை வைத்துக்கொண்டு விடை சொல்ல வேண்டிவரும். மிச்சத்தை அளப்பதில் நூற்றுக்கு ஒன்று பிசகினாலும் செலவான இரண்டில் கால் பங்கு பிசகிவிடும். செலவாவதும் மிஞ்சுவதும் ஏறத்தாழ ஒத்த அளவில் இருக்குமாறு எடுத்துக்கொள்வது கைப்பழக்கம். இதே காரணத்தால், முதலில் ஊற்றும் அமிலத்தைப் பிப்பெட்டால்தான் எடுக்க வேண்டும். அளவு உருளையில் ஊற்றி அரை மி.லி. தவறினால், மேலே கண்ட கிளிஞ்சல் கணக்கில் 28.4-க்கு 0.5 தவறு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு. பியூரெட்டில் ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்து நிற்கும் மாணவர்கள், அமிலத்தை உருளையில் அளந்து ஊற்றுவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அமோனியம் சல்பேட்டு உரத்தில் நைட்ரஜன் காணும் கணக்கை என் மாணவர்கள் சில நேரம் இரண்டால் வகுக்கிறார்கள், சில நேரம் வகுப்பதில்லை. எது சரி என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது? யூரியாவுக்கும் இதே முறையில் கணக்குக் கொடுக்கலாமா?
– தனிப்பயிற்சி ஆசிரியர், திருவாரூர்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம், கேள்வி எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. 1.00 கிராம் உரத்தை 0.500 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50.0 மி.லி.யோடு சேர்த்துக் கொதிக்கவைக்கிறோம். ஆவியில் காட்டிய ஈரச் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவது நின்றபின், அதாவது அமோனியா முழுவதும் வெளியேறியபின், மிச்சக் காரத்தைத் தரம் பார்த்தால் 0.500 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20.4 மி.லி. ஆகிறது. கொடுத்த காரம் 25.0 மில்லிமோல், மிச்சம் 10.2, செலவு 14.8 மில்லிமோல். ஓர் அமோனியம் அயனிக்கு ஒரு ஹைட்ராக்சைடு அயனி என்பதால் அமோனியமும் 14.8 மில்லிமோல், அதில் உள்ள நைட்ரஜனும் 14.8 மில்லிமோல். 14-ஆல் பெருக்கினால் 207 மில்லிகிராம், அதாவது 20.7 விழுக்காடு நைட்ரஜன். இதில் எங்கும் இரண்டால் வகுக்கவில்லை. அமோனியம் சல்பேட்டு எவ்வளவு என்று கேட்டால் மட்டும், ஒரு மோல் உப்பில் இரண்டு அமோனியம் இருப்பதால் பாதியாக்கி, 7.40 மில்லிமோலை 132-ஆல் பெருக்கி, 0.977 கிராம் என்று காண வேண்டும். தூய அமோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 21.2 விழுக்காடு என்பதை ஒப்பிடச் சொல்லுங்கள், 20.7-ஐ 21.2-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ அதே தூய்மை கிடைப்பதைப் பார்க்கும் மாணவர், வகுப்பது எப்போது என்பதை மறக்கமாட்டார்.

யூரியாவுக்கு இப்படியே கணக்கு அமைத்துவிடாதீர்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. யூரியாவைக் காரத்தோடு நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் அமோனியா வெளிவரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மோல் யூரியா இரண்டு மோல் காரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மோல் சோடியம் கார்பனேட்டைக் கரைசலில் விட்டுவிடுகிறது. மெத்தில் ஆரஞ்சை நிறங்காட்டியாகக் கொண்டு அமிலத்தால் தரம் பார்த்தால், அந்த ஒரு மோல் கார்பனேட்டும் இரண்டு மோல் அமிலத்தையே கேட்கும். ஆக, காரம் செலவானதே தெரியாது. உரத்தில் நைட்ரஜன் இல்லை என்று விடை வரும்! உரச் சோதனையில் யூரியாவை அடர் கந்தக அமிலத்தில் செரித்து அமோனியம் உப்பாக்கிய பின்னரே மேற்கொண்டு போகிறார்கள். டென்மார்க் நாட்டவரான யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுவே. வெளிவரும் அமோனியாவை அளந்தெடுத்த அமிலத்தில் பிடித்து, மிஞ்சிய அமிலத்தைக் காரத்தால் பார்ப்பது மீள் தரம் பார்த்தல். பல ஆய்வுக்கூடங்களில் இப்போது அமோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடித்து, நேராக அமிலத்தால் தரம் பார்க்கிறார்கள். அங்கே கழித்தலுக்கு இடமே இல்லை. வினாத்தாளில் போரிக் அமிலம் என்ற சொல்லைக் கண்டால் மாணவர்கள் கழிக்கப் போக வேண்டாம்.

கேள்வி: குறுவைக்கு முன்பு வயல் மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். வந்த அட்டையில் அங்ககக் கரிமம் 0.53, நடுத்தரம் என்று இருக்கிறது. பக்கத்து வயல்காரருக்கு 0.51. மண்ணில் இருக்கும் கரிமத்தை எப்படி அளக்கிறார்கள்? என் மண் அவருடைய மண்ணைவிட உசத்தி என்று கொள்ளலாமா? என் மகள் இதுவும் பேக் டைட்ரேஷன்தான் என்கிறாள்.
– விவசாயி, மன்னார்குடி

பதில்: மகள் சொல்வது சரி. நம் நாட்டு மண் பரிசோதனை நிலையங்களில் பரவலாகப் பின்பற்றப்படுவது, 1934-இல் வாக்லியும் பிளாக்கும் வெளியிட்ட முறை. உலர்த்திச் சலித்த மண் 1 கிராமில் 1 நார்மல் (லிட்டருக்கு ஒரு சமானம் என்னும் செறிவு) பொட்டாசியம் டைகுரோமேட்டு 10 மி.லி.யும் அடர் கந்தக அமிலம் 20 மி.லி.யும் சேர்க்கிறார்கள். அமிலம் கலக்கும்போது தானே எழும் சூட்டில், டைகுரோமேட்டு மண்ணின் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்து கார்பன் டைஆக்சைடாக்குகிறது. அரைமணி நேரம் கழித்து, தண்ணீரும் பாஸ்பாரிக் அமிலமும் நிறங்காட்டியாக டைபீனைலமீனும் சேர்த்து, மிஞ்சிய டைகுரோமேட்டை 0.5 நார்மல் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம் பார்க்கிறார்கள்; கருநீலமாக இருந்த கரைசல் சட்டென்று பச்சையாக மாறும் இடம் முடிவு நிலை. மண்ணே போடாமல் ஒரு குடுவையையும் இதே போல் நடத்துவார்கள். அது வெற்றுச் சோதனை.

உங்கள் அட்டையின் எண் எப்படி வந்திருக்கக்கூடும் என்று பார்ப்போம். வெற்றுச் சோதனையில் 20.0 மி.லி.யும் மண் போட்ட குடுவையில் 17.3 மி.லி.யும் இறங்கியிருந்தால், வேறுபாடு 2.7 மி.லி. இதை 0.5-ஆல் பெருக்கினால் 1.35 மில்லிசமானம், அதாவது கைமாறிய எலக்ட்ரான்கள் 1.35 மில்லிமோல். கரிமத்தின் அணு ஒன்று நான்கு எலக்ட்ரான்களை இழப்பதால், ஒரு மில்லிசமானத்துக்குரிய கரிமம் 12-ஐ 4-ஆல் வகுத்துக் கிடைக்கும் 3 மில்லிகிராம், ஆக 4.05 மில்லிகிராம் கரிமம், 1 கிராம் மண்ணில் 0.405 விழுக்காடு. இந்தச் சூட்டில் மண்ணின் கரிமம் முழுவதும் எரிவதில்லை, சுமார் 77 விழுக்காடே வினைபுரிகிறது என்று கொண்டு 1.3-ஆல் பெருக்குகிறார்கள். 0.53 வந்துவிட்டது. இரண்டு குடுவைகளிலும் ஒரே அளவு டைகுரோமேட்டு ஊற்றப்பட்டிருப்பதால், வெற்றுச் சோதனையின் அளவீடுதான் நம் கல்யாண வீட்டின் ஐந்நூறு இலை. பியூரெட்டில் குறைவாக இறங்கினால் மண்ணில் கரிமம் கூடுதல் என்று பொருள். மகள் தேர்வுக்குப் படிக்கிறாள் என்றால் இந்தத் தலைகீழ் உறவை அழுத்திச் சொல்லுங்கள்.

இனி, பக்கத்து வயல். பியூரெட்டில் 0.1 மி.லி. கூடக் குறையப் படித்தால், மேற்கண்ட கணக்கின்படி விடையில் 0.02 மாறும். உங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடே அவ்வளவுதான். இரண்டும் ஒரே மண் என்றே கொள்ளலாம். 0.5-க்குக் கீழே குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பது வழக்கமான பாகுபாடு என்பதால், நீங்கள் இருவருமே நடுத்தரத்தின் கீழ்ப்படியில் நிற்கிறீர்கள்.

டெல்டாவுக்கே உரிய இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலோரத்து உப்பு மண்ணில் குளோரைடு இருக்கும். அதுவும் டைகுரோமேட்டைத் தின்பதால், இல்லாத கரிமம் இருப்பதுபோல் கணக்கு வரும். இதைத் தடுக்கக் கந்தக அமிலத்தில் வெள்ளிச் சல்பேட்டைக் கரைத்துப் பயன்படுத்துவது உண்டு. தண்ணீர் கட்டிய நெல்வயலின் சேற்றில் உள்ள பெரஸ் இரும்பும் அவ்வாறே டைகுரோமேட்டைக் குறைக்கும். மண்ணை நிழலில் நன்றாக உலர்த்திக் கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மீள் தரம் பார்த்தல் மிச்சத்தை மட்டுமே காட்டும், செலவழித்தது யார் என்பதைக் காட்டாது. பந்தியில் உட்கார்ந்தவரோடு, இலையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனவரும் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்.

கேள்வி: கிளிஞ்சல் சோதனையில் கொதிக்கவைப்பதைத் தவிர்த்தால் விடை கூடுமா, குறையுமா?
– பிளஸ் டூ மாணவி, பட்டுக்கோட்டை

பதில்: பினால்ப்தலீன் நிறங்காட்டி என்றால் குறையும். கரைசலில் தங்கிய கார்பன் டைஆக்சைடு கொஞ்சம் காரத்தைத் தானும் எடுத்துக்கொள்ளும். பியூரெட்டில் கூடுதலாக இறங்கும். அமிலம் அதிகம் மிஞ்சியதாகத் தோன்றும். ஆகவே கிளிஞ்சல் தின்றது குறைவு என்று ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் கடை சீவல், வெற்றிலைக் கடை. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தே வைத்தால் காரம் போய்விடுகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் தம்பி, அது கார்பனேட்டாக மாறிவிட்டது என்கிறான். மாறியது எவ்வளவு என்பதை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தம்பி சொல்வது சரி. நீற்றிய சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டபோது வெளியேறியது எதுவோ அதுவே திரும்பி வந்து சேர்கிறது என்று சொல்லலாம். ஆனால் அமிலத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும்: ஒரு மோல் ஹைட்ராக்சைடும் இரண்டு மோல் அமிலம் கேட்கும், ஒரு மோல் கார்பனேட்டும் இரண்டு மோல்தான் கேட்கும். ஆகவே "செலவான அமிலம் இவ்வளவு" என்பது மட்டும் தெரிந்தால் எது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

எடையும் தெரிந்தால் முடியும். ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 74, கார்பனேட்டின் நிறை 100. நன்றாக உலர்த்திய 1.00 கிராம் பொடி முழுவதும் ஹைட்ராக்சைடாக இருந்தால் அது 27.0 மில்லிமோல் அமிலத்தைத் தின்னும். முழுவதும் கார்பனேட்டாக இருந்தால் 20.0 மில்லிமோல். உங்கள் டப்பாச் சுண்ணாம்பு 23.0 மில்லிமோல் தின்றது என்று வைத்துக்கொள்வோம். 20-க்கும் 27-க்கும் இடைப்பட்ட ஏழு படியில் மூன்று படி ஏறியிருக்கிறது. ஏழில் மூன்று பங்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கு ஹைட்ராக்சைடு இன்னும் மிஞ்சியிருக்கிறது, மற்றது கார்பனேட்டு. நேர்கோட்டு விகிதத்தில் இப்படிச் சொல்லலாமா என்று உங்கள் தம்பி கேட்பார். ஒவ்வொரு கிராமும் தின்னும் அளவு நிலையானது என்பதால் சொல்லலாம். நம்பாவிட்டால், ஹைட்ராக்சைடின் எடையை ஒரு மாறியாகக் கொண்டு சமன்பாடு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பொடியில் மணலோ வேறு கலப்போ இருக்கக் கூடாது. இருந்தால் அமிலம் தின்னாத எடையும் சேர்ந்து, எல்லாம் கார்பனேட்டாகிவிட்டதுபோல் காட்டும். ஈரமும் அப்படியே, குழைத்த சுண்ணாம்பில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கலாம். உலர்த்தும்போது திறந்த வெயிலில் வைத்தால், அளக்கப் போன மாற்றமே அங்கும் தொடர்ந்து நடக்கும் என்பதால், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி அடுப்பில் வைத்து, மூடிய உலர்கலனில் ஆறவைத்து எடை போடுவதே தக்கது. தம்பியைக் கேட்டால் செய்து தருவார். கடையில் டப்பாவுக்கு ஒரு மூடி போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்குமாறு வைத்துவிடுங்கள்.